முகமனும் சம்மதமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)





ஆண்டு விழாவிற் பேச அழைக்கப்படுவோர் சமய வாழ்வைப் பற்றியோ, இளைஞர் கடமையைப் பற்றியோ பேசுவது நம் சங்கங்களின் வழக்கம். நானும் இளைஞர் கடமையைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். ஆயின், நம் மேடைகளில் அதிகம் எடுத்துப் பேசப்படாத ஒரு கடமை அது. பேசினால் மூத்தோர் முகஞ் சுளிப்பரோ என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் வயது ஏற ஏற, பேசியவற்றிலும் பேசாது விட்டவையே மனத்தை அதிகம் உறுத்துகின்றன. ஆதலால் துணிந்தேன்.

பொருள் இதுதான். பதவியும் செல்வாக்கும் உடைய ஓர் ஆடவர், ஒரு பெண்ணிடம் சொல்லத் தகாத ஒரு சொல்லைச் சொல்லுகிறார். அவள் சினந்து பேசவில்லை. புன்னகை செய்து, மரியாதையாக ஏதோ ஒரு விடை கூறி, அப்பாற் போகிறாள். பார்த்திருந்தோர், "அவளுக்கே அது பிழையாகத் தோன்றவில்லை, நமக்கென்ன?" என்று எண்ணுகிறார்கள். சொன்னவரோ, தம் சொல்லை அவள் விரும்பினாள் என்றே கொள்ளுகிறார். இவ்விரண்டு எண்ணமும் தவறு. முகமன் வேறு, சம்மதம் வேறு. இதை விளக்குவதே என் நோக்கம்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன்.

எனக்கு அப்பொழுது 19 வயது. வேறோர் ஊரிலே, இதைப் போன்ற ஒரு சங்கத்தில் நான் தொண்டனாக இருந்தேன். எங்கள் மண்டபத்திற்குக் கூரை போட வேண்டியிருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் ஓடு வாங்கித் தருவதாக வாக்களித்திருந்தார். அவரையே அவ்வாண்டு விழாவிற்குப் பிரதம விருந்தினராக அழைத்தோம். தேவாரம் பாட ஓர் இளம் ஆசிரியை வந்திருந்தார். எங்களிலும் நாலைந்து வயது மூத்தவர். மிக நன்றாகப் பாடுவார். அவருடைய நியமனம் நிரந்தரமாவதற்கு வேண்டிய கையெழுத்தும் அந்தப் பெரியவர் கையிலேயே இருந்தது. இதை நாங்கள் எல்லோரும் அறிவோம்.

விழா முடிந்து தேநீர் பரிமாறும் வேளை. ஆசிரியை தட்டுடன் வந்தார். பெரியவர் கோப்பையை எடுத்துக்கொண்டு, சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் கேட்கும்படியாகவே, "ரீச்சரைப் பாத்துக்கொண்டிருந்ததிலை பாட்டுக் கேக்க மறந்துபோனன். ஒருநாளைக்கு வீட்டை வந்து எனக்கு மட்டும் பாடுங்கோவன்" என்றார்.

ஆசிரியை புன்னகை செய்தார். "ஐயாவுக்கு என்ரை பாட்டுப் பிடிச்சது என்ரை பாக்கியம்" என்று சொல்லிவிட்டு, தட்டுடன் உள்ளே போய்விட்டார். பெரியவர் சிரித்தார். செயலாளர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

மறு ஆண்டு அவரை அழைக்கப் போனபோது, தொண்டை சரியில்லை என்று சொல்லியனுப்பினார். அதற்கு அடுத்த ஆண்டும் அதே விடை. பள்ளிக்கூடத்திலே நாள்தோறும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அந்தத் தொண்டை, எங்கள் மண்டபத்திற்கு மட்டும் ஒருநாளும் சரியாகவில்லை.

அன்று அவர் ஏன் அப்படி விடை சொன்னார்? விரும்பியா? கோழைத்தனத்தாலா? இரண்டும் அல்ல என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. விளங்க வைத்தவை நம்முடைய இதிகாசங்களே.

பஞ்சவடியிலே இராவணன் துறவி வேடத்தில் வருகிறான். துறவிக்கு அடாத முறையிலே சீதையின் அழகை அங்கம் அங்கமாகப் புகழுகிறான். சீதை அவனை விரட்டினாளா? இல்லை. இருக்கச் சொல்லி, கால் கழுவ நீர் கொடுத்து, உணவும் தந்து உபசரித்தாள் என்கிறார் வால்மீகி முனிவர். ஏன் என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். வந்தவன் அதிதி, அந்தண வேடத்தன், மறுமொழி சொல்லாவிட்டால் சபித்துவிடுவான் என்று அவள் எண்ணினாளாம். அவள் காட்டிய மரியாதையில் பாதி தருமம், பாதி அச்சம். அவன் தான் இன்னான் என்று வெளிப்படுத்தித் தன் கருத்தை உரைத்த பின்போ, அவனை நரி என்றும் தன்னைச் சிங்கம் என்றும் சொல்லி இகழ்ந்தவளும் அதே சீதைதான். முன்னே செய்த உபசாரத்தைக் காட்டி, "அவள் இசைந்தாள்" என்று சொல்ல யாருக்காவது நாக்கு எழுமா?

இதனினுந் தெளிவான பாடம் மகாபாரதத்தில் இருக்கிறது. பாண்டிருப்பிலும் உடப்பிலும் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் சமுதாயம் நாம். அந்தத் திரௌபதையை இரண்டு சபைகளிலே பாருங்கள்.

முதலாவது, அத்தினாபுரத்துச் சபை. அங்கே அவள் இழுத்து வரப்பட்டாள். வந்து நின்றவள் அழுதுவிட்டு அடங்கவில்லை. தன்னையே தோற்ற தருமர் அதன்பின் என்னைப் பணயமாக வைக்க உரிமை உண்டா என்று வழக்குரைப்பாள் போலக் கேட்டாள். வீட்டுமர் போன்ற முதியவரே விடை சொல்ல மாட்டாமல் திகைத்தார்.

இரண்டாவது, விராடன் அரண்மனை. அஞ்ஞாதவாச காலம். அவள் அங்கே சைரந்திரி. அரசிக்குக் கூந்தல் முடிக்கும் பணிப்பெண். அரசியின் தம்பியும் விராடனின் சேனாபதியுமாகிய கீசகன் அவளைக் கண்டு தகாத வார்த்தை பேசுகிறான். அத்தினாபுரத்திலே கர்ச்சித்த அந்தத் திரௌபதை இங்கே எப்படிப் பேசினாள்? நான் தாழ்ந்த ஊழியம் செய்பவள், பிறன் மனைவி, உம்மைப் போன்றோர்க்கு இது தகாது என்று மிக மெதுவாக எடுத்துச் சொன்னாள். கீசகன் கேட்கவில்லை. தமக்கையாகிய அரசியிடம் போனான். அரசி என்ன செய்தாள்? தன் தம்பி வீட்டிலிருந்து மது எடுத்து வரும்படி சைரந்திரியையே அனுப்பினாள். "நான் போகமாட்டேன், வேறொருத்தியை அனுப்புங்கள்" என்று அவள் மன்றாடியும் விடவில்லை. பின்னே கீசகன் கைப்பற்ற, அவள் தப்பி அரசவைக்கு ஓடினாள். அவனோ துரத்தி வந்து சபை நடுவிலே அவளைக் காலால் உதைத்தான். விராடன், உங்கள் இருவருக்கும் நடந்த பிணக்கை நான் அறியேன், அறியாமல் எப்படித் தீர்ப்புச் சொல்வேன் என்றான். வேடம் மாறி அங்கே அமர்ந்திருந்த தருமர்கூட, சூதாட்டத்திற்கு இடையூறு செய்யாதே, உள்ளே போ என்றார்.

ஒரே பெண். ஒரு சபையிலே நெருப்பு. மற்றச் சபையிலே நீர். அவள் சுபாவம் மாறிவிட்டதா? இல்லை. அவள் நின்ற இடம் மாறியது. விராட நகரிலே அவள் வாய் திறந்து தான் யார் என்று சொல்லியிருந்தால், ஐவரும் அவளும் மீண்டும் 12 ஆண்டு காடு போக வேண்டும். அவளுடைய மென்சொல்லுக்குப் பின்னே அந்த 12 ஆண்டும் நின்றது. கீசகனுக்கு அது தெரியாது. தன் வீரத்திற்கும் அழகிற்கும் கிடைத்த இணக்கம் என்று அவன் நினைத்தான்.

அன்பர்களே, இதுவே நான் சொல்ல வந்ததன் சாரம். தகாத சொல்லுக்குப் பெண் பணிவாக விடை சொல்வது அவளுடைய இயல்பினால் அன்று. அவள் போடும் கணக்கினால். ஒவ்வொரு சைரந்திரிக்கும் பின்னால் ஒரு 12 ஆண்டு இருக்கிறது. ஒருத்திக்கு அது இடமாற்றம். ஒருத்திக்கு நிரந்தரமாகாத நியமனம். ஒருத்திக்குப் பல்கலைக்கழகத்துப் பரீட்சைப் புள்ளி. ஒருத்திக்கு வெளியிலே பரவப்போகும் கதை.

அந்த ஆசிரியையைப் பல ஆண்டுகளின் பின் ஒரு கோயில் வீதியிலே சந்தித்தேன். தேர் இருப்புக்கு வந்த பின், தண்ணீர்ப்பந்தலுக்கு அருகே நின்று பேசிக்கொண்டோம். மனத்திற் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "ரீச்சர், அண்டைக்கு அவர் அப்பிடிச் சொல்ல நீங்கள் ஏன் சிரிச்சனீங்கள்?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: "தம்பி, நான் அவருக்காகச் சிரிக்கேல்லை. வாசலுக்குப் போக எனக்கு ஒரு வழி வேணும். சிரிச்சால் ரெண்டு நிமிசத்திலை உள்ளுக்குப் போயிடலாம். கோவிச்சால் அங்கையே நிண்டு எல்லாருக்கும் மறுமொழி சொல்ல வேணும். அவர், 'நான் பகிடிக்குத்தானே சொன்னனான், பிள்ளை ஏன் பிழையா விளங்குது?' எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? வீட்டிலை சொன்னால் அண்ணை பொல்லோடை போவான். அம்மா நாளைக்குத் துவங்கி வேலைக்குப் போகவேண்டாம் எண்டுவா. எனக்குக் கீழை மூண்டு தங்கைச்சிமார்."

இந்தச் சில வாக்கியங்களை விரித்துப் பாருங்கள். காரணங்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன.

முதலாவது, திகைப்பு. தகாத சொல் போர்க்களத்தில் வருவதில்லை; தேநீர்க் கோப்பைக்கு நடுவில் வருகிறது. மரியாதை நிலவும் இடத்தில் திடீரென்று அது வந்து விழும்போது, மனம் விளங்கிக்கொள்ளும் முன்னரே நாக்கு பழகிய விடையைச் சொல்லிவிடுகிறது. பெரியவர்க்கு முகமன் கூறுவதே அந்தப் பழகிய விடை.

இரண்டாவது, அச்சொல்லுக்கு இரண்டு முகம். ஒரு முகம் பாராட்டு. மறு முகம் வேறு. கேட்டவள் சினந்தால் சொன்னவர் முதல் முகத்தைக் காட்டிவிடுவார். குற்றஞ் செய்தவர் அவர்; விளக்கஞ் சொல்ல வேண்டியவளோ அவள். இந்தப் "பகிடி" என்ற சொல்லின் பின்னே எத்தனை பேர் ஒளிந்துகொள்கிறார்கள்! பகிடியோடு வதை என்ற சொல்லையும் சேர்த்துப் பகிடிவதை என்று ஒரு சொல்லை வழங்குகிற நாட்டிலே வாழும் நமக்கு, பகிடி எங்கே முடிகிறது, வதை எங்கே தொடங்குகிறது என்பது தெரியாததன்று.

மூன்றாவது, பதவி. சமமானவன் ஒருவன் அவ்வாறு பேசியிருந்தால் அவள் முறைத்திருப்பாள். பஸ்ஸில் யாரோ ஒருவன் தனகினால் செருப்பைக் கழற்றவும் துணிந்திருப்பாள். ஆனால் இவரிடம் நாளையும் போக வேண்டும், கையெழுத்துக் கேட்க வேண்டும். பெரியவர்க்குச் சொல் ஒன்றுதான் செலவு. அவளுக்கோ வாழ்வு செலவு.

நான்காவது, வீடு. இதைச் சொல்லும்போது மூத்தோர் பொறுத்தருள வேண்டும். ஒரு பெண் தனக்கு நேர்ந்த அவமானத்தை வீட்டிலே சொன்னால் தண்டனை பெறுவது பெரும்பாலும் அவளே. படிப்பு நிற்கும், வேலை நிற்கும், "நீ ஏன் அங்கே போனாய்?" என்ற கேள்வி எழும். இதை அறிந்த பெண்பிள்ளை வீட்டையும் ஏமாற்றிச் சிரிக்கிறாள்.

ஐந்தாவது, வளர்ப்பு. "பெரியாக்கள் கேட்டால் சிரிச்ச முகத்தோடை மறுமொழி சொல்லு பிள்ளை" என்று சிறு வயது முதல் நாம் சொல்லிக் கொடுத்தது யாருக்கு? ஆண் பிள்ளைக்கு அதில் பாதிகூடச் சொல்லவில்லை. நாமே கற்பித்த புன்னகையைப் பின்னர் நாமே அவளுக்கு எதிரான சாட்சியாகக் கொள்கிறோம்.

சாட்சி என்று சொன்னேன். அது உண்மையாகவே சாட்சியாக்கப்பட்டதை உலகம் முழுவதும் பார்த்திருக்கிறது. 1991 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே கிளாரன்ஸ் தோமஸ் என்பவர் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு முன்மொழியப்பட்டார். முன்பு அவருக்குக் கீழே பணிபுரிந்தவரும் அப்போது சட்டப் பேராசிரியராக இருந்தவருமான அனித்தா ஹில் என்ற பெண்மணி, அவர் தம்மிடம் தகாத முறையில் பேசிவந்தார் என்று செனற் சபைக் குழுவின் முன் அக்டோபர் மாதத்திற் சாட்சியம் அளித்தார். தோமஸ் அதனை முற்றாக மறுத்தார். குழுவில் இருந்த 14 பேரும் ஆடவர். அனித்தா ஹில்லிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளைக் கவனியுங்கள். அப்படி நடந்திருந்தால் அப்போதே ஏன் முறையிடவில்லை? அவர் வேறு பதவிக்குப் போனபோது நீயும் ஏன் கூடப் போனாய்? வேலையை விட்ட பின்னும் ஏன் தொலைபேசியிற் பேசினாய்? அவர் போன இடமோ, வேலைத் தலங்களில் நேரும் இத்தகைய அநீதிகளை விசாரிக்கும் அரசாங்க ஆணைக்குழு! தொழிலை இழக்க அஞ்சினேன், தொழில் முறையிலான நல்லுறவை முறித்துக்கொள்ள விரும்பவில்லை என்று அவர் விடை கூறினார். பலருக்கு அது விளங்கவில்லை. 52 வாக்குகளுக்கு 48 என்ற கணக்கில் தோமஸ் பதவி பெற்றார். அந்த வழக்கின் உண்மையை நாம் இங்கிருந்து தீர்க்க வேண்டியதில்லை. ஒரு பெண்ணின் மரியாதை எவ்வளவு இலகுவாக அவளுக்கு எதிரான சான்றாகிவிடுகிறது என்பதே நாம் காண வேண்டியது.

"அவர் அந்நாளில் இளம் பெண், உயர்ந்த பதவியில் இருப்பவள் என்றால் உடனே அதட்டியிருப்பாள்" என்று ஒருவர் சொல்லலாம். அவர்க்கு இந்தியாவிலிருந்து ஒரு விடை உண்டு. 1988 ஆம் ஆண்டு ஜூலை மாதம், சண்டிகார் நகரில் உயர் அதிகாரிகள் கூடிய ஓர் இராப்போசன விருந்து. ரூபன் தேவோல் பஜாஜ் என்ற பெண்மணி அங்கே வந்திருந்தார். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, பஞ்சாப் அரசாங்கத்தின் உயர் பதவியில் இருந்தவர். அம்மாநிலத்துப் பொலிஸ் தலைமை அதிபதி கே.பி.எஸ். கில், ஏதோ பேச வேண்டும் என்று கூறித் தம் அருகே வந்து இருக்கும்படி அவரை அழைத்தார். அவர் மரியாதையாக எழுந்து போனார். கதிரையைக் கில் தம் பக்கமாக இழுத்தார். பஜாஜ் அதைப் பேசாமல் முன்னிருந்த இடத்திற்கு நகர்த்தினார். மீண்டும் இழுத்தார். அப்போதுதான் அவர் எழுந்து மற்றப் பெண்களிடம் திரும்பிப் போனார். அத்துடன் முடியவில்லை, சற்று நேரத்தில் அவர் வந்து வழிமறித்துச் செய்த தகாத செயலே வழக்காயிற்று.

அந்தக் கதிரையை நினைத்துப் பாருங்கள். ஒரு மாநிலத்தின் உயர் அதிகாரியே முதலிற் செய்தது, கதிரையைச் சத்தமின்றி நகர்த்தி வைத்ததுதான். நம் ஆசிரியை தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? பஜாஜ் பின்னர் முறையிட்டார். இது வழக்குத் தொடுக்கத் தகாத அற்பச் செயல் என்று கூறி 1989 இல் மேல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 1995 இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, வழக்கை நடத்தச் சொன்னது. 1996 இல் கில் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2005 இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 17 ஆண்டு! பதவியும் கல்வியும் துணையும் உள்ள ஒருவருக்கே 17 ஆண்டு என்றால், நிரந்தரமாகாத ஓர் ஆசிரியை என்ன கணக்குப் போடுவார் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்திற் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தால் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. அதன் 345 ஆம் பிரிவின்படி, கையால் மட்டுமன்றிச் சொல்லாலும் செயலாலும் ஒருவருக்குப் பாலியல் தொந்தரவு கொடுப்பது குற்றம். அதற்கு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அப்பிரிவின் விளக்கம் மேலும் ஒன்று கூறுகிறது: அதிகாரத்தில் உள்ள ஒருவர், வேலைத் தலத்திலோ வேறெந்த இடத்திலோ, விரும்பப்படாத முறையில் அணுகுவதும் இக்குற்றமே. "அதிகாரத்தில் உள்ள ஒருவர்" என்ற சொற்களைக் கவனியுங்கள். வியாசர் கண்டதைச் சட்டமும் கண்டிருக்கிறது. "வேறெந்த இடத்திலோ" என்ற சொற்களையும் கவனியுங்கள். சங்க மண்டபமும் அதற்குள் அடங்கும்.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. தேநீர் வேளையில் அதை யார் கையில் எடுப்பது? ஆதலின் சட்டத்தோடு நின்றுவிடாமல் நம்மிடம் வருவோம்.

மூத்தோர் சிலர் மனத்திலே ஒரு கேள்வி எழுந்திருக்கும். "அன்பாக ஒரு வார்த்தை சொல்வதும் குற்றமா? பெண்பிள்ளைகளோடு இனிப் பேசவே கூடாதா?" நியாயமான கேள்வி. பேசலாம், பாராட்டலாம். பாட்டு நன்றாயிருந்தது என்று சொல்வதை எவரும் குறை சொல்லார். ஒரு சிறிய சோதனை போதும். நாம் சொல்லப் போகும் வார்த்தையை அவளுடைய தகப்பனார் பக்கத்தில் நின்றாலும் சொல்வோமா? நம் பதவியைக் கழற்றி வைத்துவிட்டாலும் சொல்லத் துணிவோமா? நம் கையில் எவருடைய சோறு இருக்கிறதோ, அவர் நம் பகிடிக்குச் சிரிப்பது பகிடி நன்றாயிருப்பதற்குச் சான்று ஆகாது. இது பெண்களுக்கு மட்டுமன்று. முதலாளியின் முன் நிற்கும் இளைஞனுக்கும் பொருந்தும். பதவியில் உள்ளவர் தமக்குக் கிடைக்கும் புன்னகைகளைப் பாதி விலைக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். திருவள்ளுவர் "இனியவை கூறல்" என்று ஓர் அதிகாரம் வகுத்தார். "அடக்கமுடைமை" என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். நம்மிலே பலர் முன்னதைப் பெண்ணுக்கும் பின்னதை எவருக்கும் இல்லாமலும் ஆக்கிவிட்டோம்.

இன்னுஞ் சிலர், "ஒரு முறை முகத்திலடித்தாற்போலச் சொல்லியிருந்தால் அவர் அடங்கியிருப்பார்" என்பர். சில இடங்களில் அது உண்மை. சொல்லக் கூடியவள் சொல்லட்டும், அவளைப் போற்றுவோம். ஆனால் சொல்லாதவளைக் குறை கூறும் உரிமை, அவள் சொன்னால் அவள் பக்கத்திலே நிற்கத் தயாராக இருப்பவர்க்கே உண்டு.

தங்கைமாரே, உங்களுக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் சிரித்துவிட்டு விலகினால், அது உங்கள் குற்றம் அன்று. பின்னர் வாய் திறக்கும் உரிமை அதனாற் போய்விடுவதும் இல்லை. நடந்ததை, நாளும் இடமும் கேட்டவர் பெயரும் குறித்து எழுதி வையுங்கள். நம்பிக்கையுள்ள ஒருவரிடமாவது சொல்லுங்கள். தனியே சுமக்க வேண்டாம்.

தாய் தந்தையரே, பிள்ளை வந்து சொன்னால் முதலிற் கேளுங்கள். வேலையை விடு என்று சொல்வதும், பொல்லை எடுப்பதும் அவளை மீண்டும் ஊமையாக்கும் வழிகள். நீ என்ன செய்ய விரும்புகிறாய் என்று அவளையே கேளுங்கள்.

தம்பிமாரே, உங்களிடந்தான் அதிகம் கேட்கப் போகிறேன். பெரியவரோடு சண்டை பிடிக்கும்படி நான் சொல்லவில்லை. சிரிக்காமல் இருங்கள். அது முதற் கடமை. சொன்னவர் சுற்றிப் பார்க்கும்போது ஒரு முகமும் சிரிக்காவிட்டால், அந்தச் சொல் அங்கேயே செத்துவிடும். இயன்றால், "ஐயா, அது சரியில்லை" என்று பணிவோடு சொல்லுங்கள். பணிவு பெண்களுக்கு மட்டும் உரிய ஆயுதமா? அதுவும் இயலாவிட்டால், "அக்கா, உள்ளே உங்களைத் தேடுகிறார்கள்" என்று சொல்லி அவருக்கு வாசலையாவது திறந்துவிடுங்கள். பின்னர் அவரிடம் போய், "நான் கேட்டேன், அது பிழை, நீங்கள் முறையிட்டால் நான் சாட்சி" என்று சொல்லுங்கள். அதைத் தேநீர்க் கடையிற் கதையாக்காதீர்கள்.

சங்கத்தின் நிருவாகத்தினர்க்கும் ஒரு விண்ணப்பம். விருந்தினரை வரவேற்கச் சந்தனமும் பன்னீரும் கொடுத்து இளம் பெண்பிள்ளைகளை மட்டும் வாசலிலே நிறுத்துகிறோம். இனி ஆண்பிள்ளைகளும் நிற்கட்டும்; மூத்த அம்மா ஒருவரும் உடன் நிற்கட்டும். முறைப்பாடு வந்தால் கேட்பதற்கு, பெண்கள் இருவரேனும் உள்ள ஒரு சிறு குழுவை அமையுங்கள். நன்கொடை தருபவர் யாராயினும், ஓட்டோடு சேர்த்து நம் வாயையும் மூடிவிட்டுப் போக இடங் கொடாதீர்கள்.

முடிக்கும் முன் ஒன்று. கோயில் வீதியிலே அந்த ஆசிரியை சொன்னவற்றுள் கடைசி வாக்கியத்தை நான் இன்னும் சொல்லவில்லை. பிரியும்போது அவர் சொன்னார்: "அவர் சொன்னதை நான் எப்பவோ மறந்திட்டன் தம்பி. நீங்கள் எல்லாரும் நிண்டு சிரிச்சதுதான் மறக்கேல்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "நீங்களும் சின்னப் பொடியன்தானே" என்றார். அப்போதும் ஒரு புன்னகைதான். அது என்னை மன்னித்த புன்னகையா, என்னிடமிருந்து விலகிப் போக எடுத்த வழியா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அன்று நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்வீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.